தலையில் செதில் செதிலாக உதிர்கிறதா? வீட்டு வைத்தியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. இருபது வருஷமாகத் தலைச் செதிலோடு குடித்தனம் நடத்துகிறவன். கறுப்புச் சட்டை எடுப்பதையே விட்டுவிட்டவன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் பட்டது, தோல் டாக்டர்கள் சொன்னது, தேடிப் படித்தது மூன்றும் பதில்களில் கலந்திருக்கும்.

எனக்கு வந்திருப்பது வறட்சியா, பொடுகா, சொரியாசிஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

செதிலைக் கொஞ்சம் உள்ளங்கையில் உதிர்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மாவு தூவியதுபோல் சின்னதாக, வெள்ளையாக, காய்ந்து இருந்தால் வெறும் வறட்சியாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கை, கால் தோலும் சேர்ந்தே வெடித்திருக்கும். செதில் கொஞ்சம் பெரிதாக, லேசான மஞ்சள் சாயலில், விரலால் நசுக்கினால் பிசுபிசுவென்று ஒட்டினால் பொடுகு.

பொடுகு முற்றினால் தோல் சிவந்து, புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்புறம், நெஞ்சின் நடுப்பகுதி என்று இறங்க ஆரம்பிக்கும். அதற்கு செபோரிக் டெர்மடைடிஸ் என்று பெயர். பொடுகும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரிதான். எனக்கு இருப்பது அது.

சொரியாசிஸ் வேறு குடும்பம். செதில் தடிமனாக, வெள்ளி போலப் பளபளக்கும். படையின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாகத் தெரியும். முடி முடிகிற இடத்தைத் தாண்டி நெற்றிக்கு வரும். முழங்கை, முழங்காலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தையும் பாருங்கள், குண்டூசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கலாம். சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர்.

இன்னும் இரண்டு ஏமாற்றுப் பேர்வழிகள் உண்டு. ஒன்று பேன் ஈறு. பொடுகு தட்டினால் விழும், ஈறு முடியோடு ஒட்டிக்கொண்டு நகத்தால் உருவினால்தான் வரும். இன்னொன்று குழந்தைகள் தலையில் வட்டமாக முடி கொட்டி அந்த இடத்தில் செதில் படிவது. அது தலையில் வருகிற படர்தாமரை. அதற்கு எந்த எண்ணெயும் ஷாம்பூவும் மட்டும் போதாது, வாய்வழி மாத்திரை வேண்டும். தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.

தலையைச் சுத்தமாக வைக்காததால்தான் வருகிறதா?

இல்லை. இந்த அவச்சொல்லை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்கிற ஈஸ்ட் பூஞ்சை. 1874இல் இதைப் பற்றி எழுதிய லூயி சார்ல் மலசே என்கிற பிரெஞ்சுக்காரர் பெயரால் அப்படி அழைக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோர் தலையிலும் இது இருக்கிறது. தானாகக் கொழுப்பு தயாரிக்கத் தெரியாத ஜந்து, ஆகையால் நம் தலையில் சுரக்கிற எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது. தின்றதுபோக ஒலியிக் அமிலம் போன்றவற்றை மிச்சம் வைக்கும். சிலர் தோலுக்கு அந்த மிச்சம் ஆகாது. எரிச்சலடைந்த தோல் அவசர அவசரமாகப் புதுத் தோலை உண்டாக்கிப் பழையதைக் கொத்தாகக் கழற்றிவிடும். உங்கள் தோள்பட்டையில் விழுவது அதுதான்.

சொரியாசிஸில் கதை வேறு. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தோலை விரட்டுகிறது. சாதாரணமாக ஒரு மாதம் போல எடுக்கிற தோல் புதுப்பிப்பு, நாலைந்து நாளில் நடந்து முடிந்துவிடும். செதில் மேல் செதிலாக அடுக்கிக்கொள்வது அதனால்தான்.

தலையில் எண்ணெய் வைக்காமல் விட்டதால்தானே இப்படிக் காய்ந்து உதிர்கிறது?

எங்கள் அம்மாவின் முதல் தீர்ப்பும் இதுதான். "எண்ணெயே காட்டுறதில்ல, தலை காயாம என்ன செய்யும்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி தேங்காயெண்ணெயைச் சுட வைத்து உச்சியில் ஊற்றித் தேய்ப்பார். அன்று தலை அடங்கிவிடும். உதிராது, அரிப்பும் குறையும். மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். இப்படியே பல வருஷம் ஓட்டினோம்.

காரணம் பிறகுதான் புரிந்தது. எண்ணெய் செதிலை ஒட்டவைக்கும், நம் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் மலசீசியாவுக்கு விருந்து நடந்துகொண்டிருக்கும். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். அந்த வகைக் கொழுப்பு இந்தப் பூஞ்சைக்குச் செரிக்கும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் போன்றவற்றில் இருக்கிற கொழுப்பும் அதற்கு ஆகாததல்ல. இரவெல்லாம் எண்ணெயோடு தூங்கி, காலையில் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டு, வழியவழியத் தலைவாரி ஆபீஸ் போகிற பழக்கம் பொடுகுக்காரர்களுக்குச் சரிப்படாது.

அப்படியென்றால் எண்ணெய்க் குளியலையே விட்டுவிடுவதா?

வேண்டாம். எண்ணெய் நல்ல மென்மையாக்கி. மருந்து என்று நினைப்பதுதான் தப்பு. செதில் அப்பிக்கொண்டிருக்கிற நாளில், குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான எண்ணெயை முடியில் இல்லாமல் தோலில் படும்படி வகிடு வகிடாகப் பிரித்துத் தடவுங்கள். ஊறிய செதில் விரல் நுனியால் தடவினாலே கழன்று வரும், நகம் போடவே வேண்டாம். அப்புறம் மருந்து ஷாம்பூ போட்டு எண்ணெய் மிச்சமில்லாமல் அலசிவிட வேண்டும். அன்று தலை காய்ந்த பிறகு "கொஞ்சம் எண்ணெய் தொட்டு வாரிக்கோ" என்று யாராவது சொன்னால் நுனி முடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் பொடுகு ஷாம்பூ என்று பத்து வகை இருக்கிறது. எதை வாங்குவது?

பாட்டிலின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படியுங்கள். கீட்டோகோனசோல் 2 சதவீதம் இருந்தால் பூஞ்சையை நேரடியாக அடிக்கும். செலினியம் சல்ஃபைடு, ஜிங்க் பைரிதியோன் இரண்டும் அதே வேலையை வேறு வழியில் செய்யும். சாலிசிலிக் அமிலம் செதிலை இளக்கிக் கழற்றும். தார் கலந்தவை தோல் வளரும் வேகத்தைக் குறைக்கும், சொரியாசிஸுக்கும் கொடுப்பார்கள், வாசனைதான் புதுசாகத் தார் போட்ட ரோடு மாதிரி இருக்கும். செலினியம் சல்ஃபைடு போடும்போது மோதிரம், வெள்ளிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுங்கள், கறுத்துப் போகும். தலைக்கு டை அடிக்கிறவர்களுக்கும் நரைத்தவர்களுக்கும் முடி நிறம் மாறலாம்.

என்னைக் கேட்டால், எதை வாங்குகிறோம் என்பதைவிட எவ்வளவு நேரம் தலையில் வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். நான் ஒரு வருஷம் முழுக்க கீட்டோகோனசோல் போட்டு "இது வேலைக்காகாது" என்று சபித்திருக்கிறேன். போட்டு, நுரை வந்ததும், அலசிவிடுவேன். பத்து விநாடி தலையில் இருந்திருக்குமா? பாட்டிலில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வைக்கச் சொல்லி இருக்கிறது, நான் படிக்கவேயில்லை.

இப்போது செய்வது இப்படி. முதலில் சாதாரண ஷாம்பூ ஒரு தடவை, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் போவதற்கு. ஆரம்பத்தில் நுரையே வராது, இரண்டாவது கைக்குத்தான் வெள்ளையாகப் பொங்கும். பிறகு மருந்து ஷாம்பூவை உள்ளங்கையில் எடுத்து, நெற்றி ஓரம், காதுக்கு மேல், பிடரி, உச்சி என்று விரல் நுனியால் தோலில் பதியவிடுவேன். ஐந்து நிமிடம் சும்மா நிற்பது கஷ்டம். அதனால் சோப்பு போடுவது, கால் தேய்ப்பது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு ஒத்திவைத்துக்கொண்டேன். கடைசியில் அந்த நுரையையே கொஞ்சம் எடுத்துப் புருவத்திலும் தாடியிலும் காதுக்குப் பின்னாலும் தடவி, கண்ணில் படாமல் எல்லாவற்றையும் சேர்த்து அலசிவிடுவேன். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். அடங்கியதும் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை. மாற்றம் தெரிய எனக்கு மூன்றாவது வாரம் ஆனது.

எலுமிச்சம்பழம் தேய்த்தால் பொடுகு போய்விடும் என்கிறார்களே?

தேய்த்திருக்கிறேன். கீறியிருந்த இடத்தில் பட்டதும் குளியலறையில் நின்று சத்தம் போட்டேன். எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு. புளிப்பை அளக்கிற பி.எச். கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அது 2க்குப் பக்கம். தலைத்தோலுக்குப் பிடித்தது 5.5 சுமார். ஏற்கெனவே சிவந்திருக்கிற தோலில் அதைக் கொட்டுவது புண்ணில் புளி வைப்பது போலத்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. சாறு பட்ட நெற்றியோடு வெயிலில் போனால் தோல் கருகிக் கொப்புளம் வரலாம், கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

சமையல் சோடா எதிர்ப்பக்கம். அது அமிலத்துக்கு நேர் எதிரான காரத்தன்மை கொண்டது, தோலின் எண்ணெய்ப் படலத்தையே பிய்த்துவிடும். இரண்டையும் கலந்து பொங்கவிட்டுத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுங்கள்.

வெந்தயம், தயிர், சின்ன வெங்காயம்?

ஊறவைத்து அரைத்த வெந்தயம் வழவழப்பாக இருக்கும், அரிக்கிற தலைக்குக் குளுமை. கெடுதல் இல்லை. ஆனால் சரியாக அலசாவிட்டால் காய்ந்த விழுது துகளே பொடுகு மாதிரி உதிரும், பார்த்துப் பயப்படுவீர்கள். புளித்த தயிரும் அப்படித்தான், இதம் மட்டும். வெங்காயச் சாறு சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், வாசனை மூன்று நாள் போகாது. என் கட்சியில் வெங்காயம் சாம்பாருக்கு.

வெட்பாலைத் தைலம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

தமிழ்நாட்டில் சொரியாசிஸ் என்று வாய் திறந்தாலே அடுத்த வார்த்தை வெட்பாலை. சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கும் பொடுகுக்கும் பல காலமாகக் கொடுத்து வருகிறார்கள். செய்முறையும் பார்க்க அழகு. வெட்பாலையின் பச்சை இலையைக் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் சில நாள் வெயிலில் வைக்கிறார்கள். அடுப்பே கிடையாது. வெயில் ஏற ஏற எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறி, கடைசியில் கத்திரிப்பூ நிறத்தில் கண்ணாடிக்குள் மின்னும். இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுத்த மரம் அது.

என் அனுபவத்தில் செதில் இளகியது, அரிப்பு குறைந்தது. சொரியாசிஸ் உள்ள என் சித்தப்பாவுக்கு முழங்கையில் நன்றாகவே கேட்டது. ஆனால் ஷாம்பூ மருந்துகளை மனிதர்களிடம் சோதித்த அளவுக்கு இதைச் சோதிக்கவில்லை. அடிப்படையில் அது தேங்காயெண்ணெய் என்பதையும் மறக்கக் கூடாது. பொடுகுக்காரர்கள் ஒரு மணி நேரத்துக்குமேல் வைக்காமல் அலசிவிடுவது நல்லது. தலையணை உறையில் கறை பிடிக்கும், பழைய துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்வதென்றால் மரத்தைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். குடசப்பாலையை வெட்பாலை என்று பறித்து வருபவர்கள் உண்டு. இரண்டிலும் பால் வரும், இரண்டும் வெள்ளைப் பூ பூக்கும். காய் இருக்கிற பருவத்தில் பாருங்கள். வெட்பாலையின் நீளமான இரட்டைக் காய் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். குடசப்பாலையின் காய்கள் தனித்தனியாகத் தொங்கும். சந்தேகம் இருந்தால் சித்த மருந்துக்கடையில் பாட்டிலாக வாங்குவதே மேல்.

பொடுதலை?

வாய்க்கால் வரப்பில் தரையோடு படர்கிற கீரை. பெயரிலேயே வேலை எழுதியிருக்கிற மாதிரி, பொடுகுக்கென்றே இதில் தைலம் காய்ச்சுவார்கள். எண்ணெய் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

தேன், டீ ட்ரீ எண்ணெய் பற்றி இணையத்தில் நிறையப் படிக்கிறோம்.

இந்த இரண்டையும் சும்மா தள்ளிவிட முடியாது, சிறியதாக இருந்தாலும் ஆய்வு உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 30 பேர் தேனில் பத்தில் ஒரு பங்கு வெந்நீர் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலையில் தேய்த்து, மூன்று மணி நேரம் வைத்துக் கழுவினார்கள். நான்கு வாரத்தில் அரிப்பும் செதிலும் நன்றாகக் குறைந்தன. நடைமுறையில் எறும்பும் ஒட்டலும் பெரும் பாடு. ஞாயிற்றுக்கிழமையில்லாமல் முடியாது.

டீ ட்ரீ எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஷாம்பூவை ஆஸ்திரேலியாவில் 126 பேரிடம் நான்கு வாரம் பார்த்தார்கள், 2002இல் வெளியானது. பொடுகின் கடுமை 41 சதவீதம் குறைந்தது, மருந்தில்லாத ஷாம்பூ போட்டவர்களுக்கு 11 சதவீதம். ஆனால் 5 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். சின்னப் பாட்டிலில் வருகிற சுத்த எண்ணெயை அப்படியே தலையில் தேய்த்துத் தோல் வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

சீயக்காயும் அரப்பும் போதாதா?

எண்ணெய் எடுக்க இரண்டும் நல்லவை, பூஞ்சைக்கு மருந்து இல்லை. பொடியை நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள். கரகரப்பாக அரைத்ததைப் புண்பட்ட தலையில் தேய்த்தால் இன்னும் கீறும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு எதைப் போட்டாலும் அலசல் சரிவராது. கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடிந்தால் வித்தியாசம் தெரியும்.

சொரியாசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் என்ன செய்யலாம்?

கொடுத்த மருந்தை விடாமல் போடுவது முதல் வேலை. வீட்டு வேலை, செதிலைப் பதமாக எடுத்து மருந்து தோலில் படும்படி வழிவிடுவது. தடித்த செதிலின் மேல் களிம்பு தடவினால் கூரை மேல் பெய்த மழைதான், கீழே இறங்காது. எண்ணெயை ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவிட்டு, சீப்பைத் தலையோடு படுக்கவைத்துப் பிடித்து மெல்ல நீவி இளக்குங்கள். வருகிறது வரட்டும், ஒட்டியிருப்பதை விட்டுவிடுங்கள். பிய்த்தால் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். அதோடு, காயம் பட்ட இடத்தில் புதிதாகப் படை முளைப்பது இந்த நோயின் குணம். இறுக்கிப் பின்னுவதும் அழுத்திச் சொறிவதும் ஆகாது.

உடம்பில் இருக்கிற படைக்குக் குளித்து ஈரம் காய்வதற்குள் வாசலைனோ தேங்காயெண்ணெயோ தடவலாம். சொரியாசிஸில் மலசீசியா கணக்கு முக்கியமில்லை என்பதால் இங்கே எண்ணெய்க்குத் தடை குறைவு. காலையில் சிறிது நேரம் வெயில் படுவது பலருக்கு நல்லது செய்யும், தோல் சிவந்து எரிகிற அளவுக்குப் போகக் கூடாது. தொண்டைப் புண் வந்த பிறகு திடீரென்று உடம்பெங்கும் துளித்துளியாகக் கிளம்பினால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் போடுகிற சில மாத்திரைகளும் இதைத் தூண்டும், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த களிம்பு இரண்டே நாளில் கேட்டது. தொடரலாமா?

இரண்டே நாளில் கேட்டது என்றாலே எனக்குச் சந்தேகம், உள்ளே சிவப்பையும் அரிப்பையும் சட்டென்று அடக்குகிற ஸ்டீராய்டு மருந்து இருக்கும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை, டாக்டர்களே அளவாகக் கொடுப்பார்கள். முகத்தில் மாதக்கணக்கில் நாமாகப் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முகப்பரு கிளம்பும். படர்தாமரைக்குப் போட்டால் உருவம் மாறி டாக்டரே குழம்பும்படி பரவும். சீட்டு இல்லாமல் விற்கிற கடையிலிருந்து நானும் ஒரு காலத்தில் வாங்கி மூக்கோரத்தில் போட்டிருக்கிறேன். நிறுத்திய வாரம் முகம் தக்காளி மாதிரி ஆனது.

சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளம் கிளம்பி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும். பெயரில்லாத டப்பாவில் வருகிற "மூலிகை" களிம்பு, பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

கைக்குழந்தையின் உச்சியில் மஞ்சளாகப் பொருக்கு கட்டியிருக்கிறது.

பிறந்த சில வாரத்தில் நிறையக் குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் தானாகப் போய்விடும். குழந்தைக்கு அதனால் உபத்திரவம் இல்லை, பார்க்கிற நமக்குத்தான். கொஞ்சம் எண்ணெய் தடவி, இளகியதும் மெல்லிய பிரஷ்ஷால் நீவி, குழந்தை ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். உச்சிக்குழியை அழுத்த வேண்டாம், பொருக்கைப் பிய்க்க வேண்டாம். பெரியவர்களின் மருந்து ஷாம்பூ, சாலிசிலிக் அமிலம் எதையும் குழந்தைக்குக் கொண்டு போகாதீர்கள்.

மொட்டை போட்டால் போய்விடுமா?

பழனிக்கு நேர்ந்துகொண்டு நானும் போட்டேன். மொட்டைத் தலையில் மருந்து நேராகத் தோலில் படும், அலசுவது சுலபம், செதில் தங்க இடமில்லை. இரண்டு மாதம் சுகமாக இருந்தது. முடி வளர வளர அதுவும் கூடவே வந்தது. பூஞ்சை முடியில் இல்லையே, தோலில் அல்லவா இருக்கிறது.

கத்திரிக்காய், கருவாடு விட வேண்டுமா?

சாப்பிட்டால் உங்களுக்கு அரிப்பு கூடுகிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்திருந்தால் விடுங்கள். எல்லோருக்குமான பத்தியம் என்று ஒன்றுமில்லை. சொரியாசிஸில் மட்டும் மது, புகை, உடல் பருமன் மூன்றும் நோயைக் கிளறிவிடும், இது உறுதியாகத் தெரிந்த விஷயம். எனக்குக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில், தூக்கம் கெட்டால், தலை அரிக்க ஆரம்பிக்கும்.

ஒரே சீப்பில் வாரினால் ஒட்டிக்கொள்ளுமா?

பொடுகும் ஒட்டாது, சொரியாசிஸும் ஒட்டாது. படர்தாமரையும் பேனும் ஒட்டும்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

மருந்து ஷாம்பூவை நான்கு வாரம் ஒழுங்காக, ஐந்து நிமிடம் வைத்துப் போட்டும் அசையவில்லை என்றால். நீர் வடிந்தால், சீழ் வைத்தால், வட்டமாக முடி கொட்டினால். தோல் நோயோடு விரல் மூட்டு வீங்கினால், காலையில் எழுந்ததும் கை விறைப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும், விட்டால் மூட்டு கோணிவிடும். டை அடித்த மறுநாள் தலையும் காதும் சிவந்து வீங்கினால் அது டை ஒவ்வாமை, அந்த டையை மறுபடி தொடாதீர்கள்.

ஷாம்பூவை நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறதே, இதற்கு முடிவே இல்லையா?

வரும். பூஞ்சை வாடகைக்கு இருப்பது இல்லை, சொந்த வீட்டுக்காரன். சொரியாசிஸும் அடங்கும், கிளம்பும். நான் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் மருந்து ஷாம்பூ என்று வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்ததும் வாரம் ஒன்றாக ஏற்றுவேன். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொண்டு, அதைத் தினமும் துவைக்கிறேன். போன தீபாவளிக்குக் கறுப்பில் ஒரு சட்டை எடுத்திருக்கிறேன். இதுவரை நாலு தடவை போட்டாயிற்று.